பாலமும் பொறியாளரும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் டபிள்யூ. எச். ஹார்ஸ்லியின் பணிவாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருந்து வருகிறது. அதற்குப் பொருள் கொடுத்தவரின் பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. அதன் கட்டுமானத்தை முன்னின்று நடத்திய பொறியாளர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லியின் பெயர் ஆவணங்களுக்குள் ஒதுங்கிவிட்டது. திருவிதாங்கூர், திருநெல்வேலி நகரப் பாலம், ஸ்ரீவைகுண்டம் அணைத்திட்டம் ஆகிய மூன்று களங்களின்வழி அவரது பணிவாழ்வை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. சாலைத் திட்டமிடலும் நீர் மேலாண்மையும் ஒரே பொறியாளரின் கையில் இருந்த காலத்தின் அணுகுமுறை, 2023ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பிந்தைய சூழலில் மீண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தாமிரபரணி, சுலோச்சன முதலியார் பாலம், ஹார்ஸ்லி, ஸ்ரீவைகுண்டம் அணை, நீர்வழி, நகரச் சாலை வரலாறு

முன்னுரை

திருநெல்வேலி மாவட்ட வரலாறு பெரும்பாலும் மூன்று வகை மனிதர்களைச் சுற்றி எழுதப்பட்டுள்ளது. பாளையக்காரர்கள் ஒரு வகையினர். சமயப் பணியாளர்கள் மற்றொரு வகையினர். கலெக்டர்கள் மூன்றாம் வகையினர். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட வரலாறும், பேட் 1917இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் இம்மூவகையினரையும் விரிவாகப் பேசுகின்றன. மக்கள் நாள்தோறும் நடந்து கடக்கும் சாலைகளையும் பாலங்களையும் திட்டமிட்ட பொறியாளர்கள் இவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றனர்.

இக்கட்டுரை ஹார்ஸ்லியின் பிறப்பு முதல் இறப்பு வரையான வாழ்க்கை வரலாறு அன்று. ஒரு பொறியாளரின் வாழ்க்கை அவர் விட்டுச்சென்ற கட்டுமானங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்னும் கருதுகோளை முன்வைத்து, அக்கட்டுமானங்களின் அளவுகளையும் இடங்களையும் சான்றாகக் கொண்டு அவரது பணியை மதிப்பிட முயல்கிறது.

1. ஆறு பிரித்த இரு நகரங்கள்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் நீளமே உடையது. இக்குறுகிய ஓட்டத்திற்குள் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. ஆற்றின் நடுப்பகுதியில், மேற்குக் கரைப்பக்கம் நெல்லையப்பர் கோயிலை மையமாகக் கொண்ட திருநெல்வேலியும், கிழக்குக் கரைப்பக்கம் கோட்டையை மையமாகக் கொண்ட பாளையங்கோட்டையும் அமைந்தன.

இரண்டும் வெவ்வேறு தன்மை உடையவை. திருநெல்வேலி கோயிலும் கடைவீதியும் கொண்ட ஊர். பாளையங்கோட்டை படைவீரர்களின் ஊர். 1801ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போருக்குப் பின் கும்பெனி ஆட்சி உறுதிப்பட்டபோது அது ஆட்சியின் ஊராகவும் ஆயிற்று. 1820 முதல் ரேனியஸ் போன்ற சமயப் பணியாளர்களின் வரவால் பள்ளிகளின் ஊராகவும் வளர்ந்தது. வழக்கு, வரி, பத்திரம், படிப்பு, வாணிகம் என எதற்காயினும் ஒரு கரையில் இருப்பவர் மறுகரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கோடையில் மணலில் இறங்கி நடந்தனர். நீர் பெருகியபோது படகையும் பரிசலையும் நம்பினர். வெள்ளக் காலத்தில் இரு நகரங்களும் ஒன்றுக்கொன்று அயலூர்களாயின.

எனவே பாலத்தின் தேவை நெடுஞ்சாலைத் தேவையாக மட்டும் எழவில்லை. ஒரே நகரமாக வாழத் தொடங்கிவிட்ட இரு குடியிருப்புகளின் அன்றாடத் தேவையாக எழுந்தது. இன்றைய சொல்லாட்சியில் கூறினால், அது ஒரு நகரப் போக்குவரத்துத் திட்டம்.

2. 'குடிமைப் பொறியாளர்' என்னும் பதவி

ஹார்ஸ்லி சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த அதிகாரி. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை உருவாகியிருக்கவில்லை. அது 1858ஆம் ஆண்டளவிலேயே தனித்துறையாக நிலைபெற்றது. அதற்கு முன்னர் ஏரி, கால்வாய், சாலை ஆகியவற்றின் பராமரிப்பு வருவாய் நிருவாகத்தின்கீழ் 'மராமத்து' என்னும் பெயரில் நடந்தது. மாவட்டங்களின் தொகுதிக்கு ஒருவர் என நியமிக்கப்பட்ட 'குடிமைப் பொறியாளர்' பெரும்பாலும் படை அதிகாரியாகவே இருந்தார். சீருடை படையினது, வேலை குடிமக்களினது.

இவ்வமைப்பின் விளைவு ஒன்றை இங்குச் சுட்ட வேண்டும். சாலைக்கு ஒரு துறை, நீருக்கு ஒரு துறை, கட்டடத்திற்கு ஒரு துறை என்ற பிரிவு அன்று இல்லை. மடையின் உடைப்பைப் பார்க்கச் சென்றவரே சாலையின் பள்ளத்தையும் பார்த்தார். ஆட்கள் போதாமையால் நேர்ந்த இந்நிலை, ஆற்றையும் சாலையையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணையும் தந்தது.

ஹார்ஸ்லியின் தொடக்ககாலப் பணி திருவிதாங்கூரோடு தொடர்புடையது. சுவாதித் திருநாள் மன்னர் 1830களின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவியபோது, ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநரானார். கட்டடத்தை வடிவமைத்தவர் அப்போது லெப்டினன்டாக இருந்த ஹார்ஸ்லி. அதே காலப்பகுதியில் திருவிதாங்கூரின் வரலாறு, புள்ளிவிவரம் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு நினைவுக்குறிப்பு நூலையும் அவர் எழுதினார். கட்டுவதற்கு முன் நாட்டை அறிய வேண்டும் என்ற மனப்பாங்கு உடையவராக அவரைக் கொள்வதற்கு இந்நூல் இடமளிக்கிறது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தின் கரமனை ஆற்றுப் பாலத்தோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. மலைக்கு மேற்கிலும் கிழக்கிலும் பணியாற்றிய அவருக்குத் தாமிரபரணியின் மழைப்பிறப்பிடம் வரைபடத்தில் மட்டும் இருந்த ஒன்றன்று.

3. பாலத்தின் கணக்கு

பாலத்தின் வரைவோடு கேப்டன் ஃபேபரின் பெயரும், கட்டுமான மேற்பார்வையோடு ஹார்ஸ்லியின் பெயரும் இணைத்துக் கூறப்படுகின்றன. 1840இல் தொடங்கிய முயற்சி 1843இல் நிறைவேறியது. பாலத்தின் நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். செலவு சுமார் 50,000 ரூபாய்.

இலண்டனில் தேம்சு ஆற்றின்மீது நின்ற வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு இது அமைக்கப்பட்டது என்ற கூற்று திருநெல்வேலியில் பரவலாக வழங்குகிறது. தூண்களின் முகப்பில் அமைந்த இரட்டைக் கம்பங்களே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஜான் ரென்னி கட்டி 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்திலும் அத்தகைய இணைக்கம்பங்கள் இருந்தன. தோற்ற ஒற்றுமையோடு நில்லாமல் அளவுகளையும் ஒப்பிட்டால் இக்கூற்று மேலும் வலுப்பெறுகிறது.

வாட்டர்லூ பாலத்தில் 120 அடி அகலமுள்ள 9 வளைவுகள் இருந்தன. ஒவ்வொரு தூணும் 20 அடி தடிப்புடையது. வளைவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு தூணின் தடிப்பு. திருநெல்வேலியில் 60 அடி வளைவுகள் பதினொன்றும் சேர்ந்து 660 அடி. மொத்த நீளமான 760 அடியில் எஞ்சுவது 100 அடி. பதினொரு வளைவுகளுக்கு இடையே வருவன பத்துத் தூண்கள். கரை முட்டுகளைத் தனியே கொண்டால் ஒரு தூணுக்கு 10 அடி. இங்கும் அதே ஆறில் ஒரு பங்கு. வளைவும் பாதி, தூணும் பாதி. ஆகவே திருநெல்வேலிப் பாலம் வாட்டர்லூ பாலத்தின் அலங்காரத்தை மட்டுமன்றி அதன் விகிதத்தையும் எடுத்துக்கொண்டது எனக் கருத இடமுண்டு.

இவ்விகிதத்தின் பொருள் அழகியல் சார்ந்தது மட்டுமன்று. வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு வளைவும் தன் இருபுறத்துத் தூண்களையும் வெளிநோக்கித் தள்ளும். அடுத்துள்ள வளைவு எதிர்த்தள்ளு கொடுப்பதால் தூண் நிற்கிறது. தூண் மெலிந்தால் ஒரு வளைவின் வீழ்ச்சி அடுத்ததையும் இழுக்கும். தூண் தடித்தாலோ ஆற்றின் வழி குறுகும். குறுகிய வழியில் நீர் விரைந்து பாய்ந்து அடித்தளத்து மணலை அரிக்கும். பொறியாளர் இவ்விரண்டிற்கும் இடையே ஓர் எண்ணைத் தேர்ந்தாக வேண்டும். 760 அடிப் பாலத்தில் 660 அடி நீருக்கு விடப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு ஆற்றுக்கு. எஞ்சிய 13 பங்கே தூணுக்கு. இதையே பொறியியலார் 'நீர்வழி' என்பர்.

அகலமும் கவனிக்கத்தக்கது. இருபத்தொன்றரை அடி என்பது ஏறக்குறைய ஆறரை மீட்டர். எதிரெதிராக வரும் இரண்டு மாட்டுவண்டிகள் தாராளமாக விலகிச் செல்லலாம். இன்று இருவழித்தடச் சாலைக்கு வரையறுக்கப்படும் 7 மீட்டரை அது நெருங்குகிறது. மோட்டார் வண்டி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே வகுக்கப்பட்ட இவ்வகலம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஈடு கொடுத்தது. பின்னரே பாலம் அகலப்படுத்தப்பட்டது.

4. கொடையாளரின் பெயரும் பொறியாளரின் பெயரும்

கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் பாலத்திற்கான செலவை ஏற்றார். அரசின் கருவூலம் செய்ய வேண்டிய பணியை அரசின் ஊழியர் ஒருவரின் சொந்தப் பணம் செய்தது. சத்திரம், குளம், சாலையோர மரம், தண்ணீர்ப் பந்தல் என வழிச்செல்வோருக்கு அறம் செய்யும் தமிழ் மரபின் தொடர்ச்சியாக இதனை மக்கள் ஏற்றனர். ஆகவே பாலம் அவர் பெயரைப் பெற்றது இயல்பே. கும்பெனியின் பார்வையில் அது செலவில்லாத வரவு. சாலை வசதிக்கு வரிப்பணத்தை ஒதுக்கத் தயங்கிய ஆட்சி, கொடையை மகிழ்ந்து வரவேற்றது.

இங்கு மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு: உழைப்பாளர்கள். சிறைக்கைதிகளைச் சாலைப்பணியில் ஈடுபடுத்துவது அன்றைய மாகாண வழக்கம். இப்பாலத்திலும் கைதிகள் உழைத்தனர் என்று உள்ளூர் வழக்கு கூறுகிறது. சுண்ணாம்பை அரைத்துக் காரை குழைத்தவர்களும், சாரம் கட்டி வளைவின் கற்களைப் பூட்டிய கொத்தர்களும் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறவில்லை. கொடையாளர் பெயர் பாலத்தில் நிற்கிறது. பொறியாளர் பெயர் கோப்பில் நிற்கிறது. உழைத்தவர் பெயர் எங்கும் நிற்கவில்லை. பொதுக் கட்டுமானங்களின் வரலாற்றை எழுதுவோர் இவ்வரிசையைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஹார்ஸ்லியின் பெயரை மீட்பது கொடையாளரின் புகழைக் குறைப்பதற்கு அன்று. கொடை எத்தகைய அறிவோடும் உழைப்போடும் சேர்ந்து பயனாயிற்று என்பதைக் காட்டுவதற்கே.

5. 1869: ஆற்றின் மறுமொழி

1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் சில இடிந்தன. 1871இல் அவை சீரமைக்கப்பட்டன. கட்டி முடித்து 26 ஆண்டுகளுக்குள் நேர்ந்த இச்சேதத்தை வடிவமைப்பின் தோல்வி என்று மட்டும் கூறிவிட இயலாது. இடியாத வளைவுகள் தாமே நின்றன என்பதும் அதே அளவு முக்கியமான செய்தி. ஒரு பகுதியின் வீழ்ச்சி முழுப் பாலத்தையும் இழுத்துச் செல்லாமல் காத்ததில், மேலே கூறிய தடித்த தூண்களுக்குப் பங்கு உண்டு எனலாம். இழந்ததை மட்டும் திரும்பக் கட்டிப் பாலம் மீண்டும் இயங்கியது.

வெள்ளம் தாமிரபரணிக்குப் புதிதன்று. 1877, 1923, 1992 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் அடுத்தடுத்த தலைமுறைகளின் நினைவில் உள்ளன. ஆற்றின் நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கும் அளவைக் கொண்டு வெள்ளத்தை மதிப்பிடும் வழக்கம் திருநெல்வேலி மக்களிடம் இன்றும் உண்டு. இது மக்கள் கைக்கொண்ட நீரளவுகோல். பாலத்தின் உயரத்தை முடிவு செய்யும் பொறியாளரும் கரையோர மக்களின் இத்தகைய நினைவையே முதல் தரவாகக் கொண்டிருக்க முடியும். நீண்டகால நீரோட்டப் பதிவேடு அன்று இல்லை.

6. பாலத்திலிருந்து அணைக்கு

ஹார்ஸ்லியின் பணி பாலத்தோடு நிற்கவில்லை. 1850களில் ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை அவர் முன்வைத்தார். தாமிரபரணியில் அப்போது ஏழு அணைக்கட்டுகள் இருந்தன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். இவை கும்பெனி ஆட்சிக்கு முற்பட்டவை. திருநெல்வேலிக் கால்வாய்க்குச் சுத்தமல்லியும், பாளையங்காலுக்குப் பழவூரும் தலையணைகள். இரு நகரங்களும் பாலத்தால் இணைவதற்கு முன்பே ஒரே ஆற்றின் இரு கால்வாய்களால் உணவு பெற்றுவந்தன.

மருதூருக்குக் கீழே ஆற்றின் எஞ்சிய நீர் கடலுக்குச் சென்றது. கடைமடைப் பகுதியின் குளங்கள் நிச்சயமற்ற நீரை நம்பியிருந்தன. எட்டாவது அணை இந்த இடைவெளியை நிரப்பும் என்பதே திட்டத்தின் கருத்து. திட்டம் உடனே நிறைவேறவில்லை. கலெக்டர் ஆர். கே. பக்கிளின் முயற்சியால் 1867இல் தொடங்கிய கட்டுமானம் 1873இல் பயனுக்கு வந்தது. வடகால், தென்கால் என்னும் இரு கால்வாய்களின்வழி 53 குளங்களும் 25,560 ஏக்கர் நிலமும் நீர் பெற்றன.

இங்கும் பெயரின் கதை திரும்ப நிகழ்கிறது. அணையோடு பக்கிளின் பெயர் பேசப்படுகிறது. திட்டத்தை முதலில் எண்ணியவரின் பெயர் பின்தங்கிவிடுகிறது. நிறைவேற்றியவருக்கு உரிய சிறப்பு மறுக்கத்தக்கதன்று. எனினும் ஒரு திட்டம் எண்ணப்பட்ட காலத்திற்கும் கட்டப்பட்ட காலத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் குறையாத காத்திருப்பு இருந்தது என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

பாலமும் அணையும் ஒரே மனத்தில் எழுந்தவை என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் பயன். பாலம் ஆற்றை மறிக்காமல் கடப்பது. அணை ஆற்றை மறித்துப் பின் பகிர்வது. இரண்டிற்கும் அடிப்படையான கேள்வி ஒன்றே: மிகப் பெரிய வெள்ளம் வரும்போது நீர் எங்கே செல்லும்?

7. பிற்கால நகரச் சாலைகள்

1876இல் இருப்புப்பாதை திருநெல்வேலியை அடைந்தது. பாலத்திற்கும் கோயில் நகருக்கும் இடையே சந்திப்பு என்னும் புதிய மையம் உருவானது. அதன் விளைவாக இருப்புப்பாதையே நகருக்குள் இன்னோர் 'ஆறு' ஆயிற்று. கடவுப் பாதையின் கதவு மூடியபோதெல்லாம் நகரம் இரண்டாகப் பிரிந்தது. இதற்கு விடையாக 1973இல் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பட்டது. மேலடுக்கில் மோட்டார் வண்டிகளும், கீழடுக்கில் மிதிவண்டியினரும் நடந்து செல்வோரும் செல்லுமாறு அமைந்த அப்பாலம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது என்று போற்றப்படுகிறது. வேகமுடையோரையும் வேகமற்றோரையும் பிரித்து, இருவருக்கும் இடம் தந்த திட்டமிடல் அது. அண்மைக்காலப் புறவழிச்சாலைகளும் நான்குவழிச் சாலையும் தாமிரபரணியைப் புதிய இடங்களில் கடக்கின்றன.

இப்புதிய சாலைகள் பலவும் வயல்வெளியிலும் குளக்கரைகளிலும் உயர்ந்த மண்கரைமீது செல்கின்றன. கரை உயர்ந்தால் சாலை நனையாது. ஆனால் நீரின் குறுக்கே அது அணையாகிவிடும். 2023 திசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடியிலிருந்த கரை அரித்துச் செல்லப்பட்டதால், திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட இரயிலின் பயணிகள் சுமார் 800 பேர் அந்நிலையத்தில் சிக்கித் தவித்தனர். ஏரலில் உயர்மட்டப் பாலத்தை ஒட்டிய இணைப்புச் சாலை வெள்ளத்தில் போயிற்று. பாலம் நின்றும் பயனில்லாத நிலை ஏற்பட்டது. திருநெல்வேலியில் கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகத்தை நீர் சூழ்ந்தது. 180 ஆண்டு அகவை கொண்ட சுலோச்சன முதலியார் பாலம் அவ்வெள்ளத்தையும் தாங்கி நின்றது.

இவ்வேறுபாட்டைப் பழைமையின் மேன்மை என்று சுருக்குவது தவறாகும். 1869இல் இதே பாலமும் சேதமுற்றது என்பதை மேலே கண்டோம். கருதத்தக்கது வேறு. தூண்கள் எத்தனை இருப்பினும், இணைப்புக் கரை எவ்வளவு உயர்ந்திருப்பினும், நீருக்கு விடப்பட்ட இடமே ஒரு சாலையின் ஆயுளை முடிவு செய்கிறது. இன்று சாலையை ஒரு துறையும், இருப்புப்பாதையை ஒரு துறையும், குளத்தையும் கால்வாயையும் மற்றொரு துறையும் திட்டமிடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியான கணக்கையே போடலாம். ஆனால் வெள்ளம் துறைவாரியாக வருவதில்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, ஹார்ஸ்லியின் பணிவாழ்வு திருவனந்தபுரத்து வானாய்வு நிலையம் முதல் ஸ்ரீவைகுண்டம் அணைத்திட்டம் வரை பரந்தது. திருநெல்வேலிப் பாலம் அதன் நடுவே நிற்பது. இவற்றைத் தனித்தனியே எழுதும் வழக்கம், அவரை எவ்விடத்திலும் முழுமையாகக் காட்டவில்லை.

இரண்டாவதாக, வாட்டர்லூ பாலத்தோடு கூறப்படும் ஒற்றுமை வெறும் செவிவழிச் செய்தி என ஒதுக்கத்தக்கதன்று. வளைவுக்கும் தூணுக்கும் உள்ள ஆறுக்கு ஒன்று என்னும் விகிதம் இரண்டிலும் ஒத்துள்ளது. ரென்னியின் பாலம் 1930களில் இடிக்கப்பட்டு, அங்கு வேறொரு பாலம் எழுந்துவிட்டது. மூலம் மறைந்த பின்னும் அதன் பாதியளவு வடிவம் தாமிரபரணியில் நிற்கிறது. இது அப்பாலத்தை உலகப் பாலக்கட்டுமான வரலாற்றின் சான்றாகவும் ஆக்குகிறது. எதிர்காலத்தில் மேற்கொள்ளப்படும் எந்த விரிவாக்கமும் இவ்வளவுகளை முன்கூட்டியே முறையாகப் பதிவு செய்த பின்னரே நடைபெற வேண்டும்.

மூன்றாவதாக, சாலையையும் ஆற்றையும் ஒரே கண்ணால் பார்த்த நிருவாக முறை, அதன் குறைகளோடும்கூட, இன்றைய திட்டமிடலுக்கு ஒரு வினாவை விட்டுச்சென்றுள்ளது. அந்த ஒரே கண் அன்று ஆட்கள் குறைவால் வாய்த்தது. இன்று அதனை வேண்டுமென்றே உருவாக்க வேண்டும். பள்ளத்தாக்கில் ஒரு புதிய சாலை வரையப்படும்போது, அதன்வழி எத்தனை வண்டிகள் செல்லும் என்ற கணக்கிற்கு முன், அதன்கீழ் எவ்வளவு நீர் செல்லும் என்ற கணக்குப் போடப்பட வேண்டும். 1843இல் 760 அடிப் பாலம் கட்டியவர்கள் 660 அடியை ஆற்றுக்கு விட்டனர்.